கஷ்டம் ஷிப்ட் பார்த்து வராது! ஹாஸ்டல் தங்கச்சிகளுக்கு ஓர் அக்காவின் 9 டிப்ஸ்

தங்கச்சி, நீ விழுப்புரத்திலிருந்து வந்திருக்கலாம். திருவண்ணாமலை, தர்மபுரி, தென்காசி என்று எங்கிருந்தும் வந்திருக்கலாம். பூந்தமல்லியில் ஆரம்பித்து செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், அந்தப் பக்கம் ஒரகடம் வரை ஏதோ ஒரு ஹாஸ்டலில் ஒரு கட்டிலும் பாதி அலமாரியும்தான் இப்போது உன் வீடு. கம்பெனி பஸ் கூட்டிப்போகிறது, திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. நடுவில் எட்டு மணி நேரம் லைனில் நிற்கிறாய். ஊரில் "பொண்ணு மெட்ராஸ்ல கம்பெனில இருக்கா" என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். நீ இங்கே ஏரிக்கரையில் நின்று மெட்ராஸ் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருக்கிறாய்.

நானும் லைனில் நின்றவள்தான். இப்போது செம்பரம்பாக்கத்தில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மாடி ரூமில் உன்னைப் போன்ற பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஜாக்கெட் தைக்க அளவு கொடுக்க வருகிறவள், அளவோடு சேர்த்து மனசில் இருப்பதையும் கொட்டிவிட்டுப் போவது இங்கே சகஜம். அவர்களிடம் சொல்வதைத்தான் உனக்கும் எழுதுகிறேன். நல்ல மனசு இருந்தால் இரக்கம், சிரிப்பு, நம்பிக்கை மூன்றும் தானாக வந்துவிடும் என்பார்கள். அப்படி வருவதில்லை. கஷ்டம் கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே அதற்கெல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும்.

1. நிரம்பும் முன்னே திறந்துவிடு

எங்கள் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவை இந்தப் பக்கம் யாரும் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் பெய்தது 47 செ.மீ. மழை. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் திறந்தார்கள். மற்ற ஏரிகளின் உபரியும் சேர்ந்துகொள்ள, அடையாறு கரை புரண்டு முடிச்சூர், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வீடுகளுக்குள் புகுந்தது. அதன் பிறகு 24 அடியும் நிறையட்டும் என்று காத்திருப்பதில்லை. 21, 22 அடியை நெருங்கினாலே அளவாகத் திறந்துவிடுகிறார்கள். நவம்பர் பிறந்தால் என் சொந்தக்காரர்கள் போன் போட்டு "நல்லா இருக்கியா?" என்று கேட்பதே இல்லை. "ஏரி எத்தனை அடி?" என்றுதான் கேட்கிறார்கள்.

மனசுக்கும் இதே கணக்குதான். முழுசாக நிரம்பிய பிறகு திறந்தால், எதிரில் நிற்கிற அப்பாவி ரூம்மேட்தான் அடித்துச் செல்லப்படுவாள். வாரத்தில் ஒரு நாள், நம்பிக்கையான ஓர் ஆளிடம் பத்து நிமிஷம் பேசு. "நீ ஒண்ணும் பண்ண வேணாம், கேட்டா போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் கேட்கிறவள் பதறிப்போய் அட்வைஸ் ஆரம்பித்துவிடுவாள். யாரிடமும் சொல்ல முடியாது என்றால் 14416. டெலி மானஸ் என்று பெயர். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாடு அரசின் 104-ம் உண்டு. செத்துவிடலாமா என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தால்கூட விடியட்டும் என்று இருக்காதே. பக்கத்துக் கட்டிலில் இருப்பவளை எழுப்பு, 14416-ஐ அப்போதே அழுத்து.

2. பக்கத்துக் கட்டில்காரியின் விவரம் தெரிந்து வை

2021 டிசம்பரில் நடந்ததை உன் சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். ஆப்பிளுக்கு போன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கியிருந்த, பூந்தமல்லி பக்கத்து ஹாஸ்டல் ஒன்றில் சாப்பாடு கெட்டுப்போய் 250 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்களில் சிலர் எங்கே இருக்கிறார்கள் என்றே ரூம்மேட்டுகளுக்குத் தெரியவில்லை. இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி கிளம்பியது. 17-ம் தேதி இரவு சுங்குவார்சத்திரத்தில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். கூடத் தங்கியிருந்தவள் உயிரோடு இருக்கிறாளா என்ற கேள்விதான் அவர்களில் பல பேரை அந்தப் பனியில் ரோட்டுக்கு இழுத்து வந்தது. இறந்ததாகப் பரவிய செய்தி பொய். ஆனால் அந்தத் தவிப்பு பொய் இல்லை.

இதிலிருந்து உனக்கு ஒரு வேலை. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டு. ரூமில் இருக்கும் எல்லாருடைய பெயர், வீட்டு போன் நம்பர், ரத்த வகை, இ.எஸ்.ஐ. நம்பர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, அத்தனையும் எழுது. யாரையாவது ஆஸ்பத்திரிக்கு ஏற்றினால் கூட ஒருத்தி போக வேண்டும். விடாவிட்டால் எந்த ஆஸ்பத்திரி என்று வார்டனிடம் கேட்டு அந்தத் தாளிலேயே குறித்து வைக்க வேண்டும். "எனக்கு உன்மேல பாசம்" என்று ஸ்டேட்டஸ் வைப்பதைவிட அவள் அப்பா நம்பர் உன்னிடம் இருப்பது பெரிய பாசம்.

3. படுத்தவளுக்கு அட்வைஸ் வேண்டாம்

காய்ச்சலில் படுத்திருப்பவளிடம் "அன்னிக்கே சொன்னேன்ல, மழைல நனையாதேன்னு" என்று ஆரம்பிக்காதே. "என்ன வேணும், சொல்லு" என்று கேட்பதும் அவ்வளவாக உதவாது. யோசித்துச் சொல்லும் தெம்பு அவளுக்கு இருக்காது. தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தலைமாட்டில் வை. மெஸ் அக்காவிடம் சொல்லி சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு ஒரு டம்ளர் வாங்கி வா. போனை சார்ஜில் போடு. சூப்பர்வைசருக்கு லீவு மெசேஜை அவள் கையாலேயே அனுப்ப வை. பதினைந்து நிமிஷ வேலை.

அப்புறம் இ.எஸ்.ஐ. விஷயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் உன் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 சதவீதம் போடுகிறது. மருத்துவம் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. உடம்பு முடியாமல் டாக்டர் சர்டிபிகேட்டோடு லீவில் இருந்தால் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் பணமாகவும் கிடைக்கும். வருஷத்துக்கு 91 நாள் வரை. அதற்குச் சில கணக்குகள் உண்டு. முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும்; பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடைக்காது. ஒரு நாள் தலைவலிக்கு உதவாது. டெங்கு, டைபாய்டு என்று படுத்தால் கை கொடுக்கும். பாதிப் பெண்கள் இ.எஸ்.ஐ. கார்டை வாங்கி ஊரில் அம்மாவிடம் பத்திரமாகக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அம்மா அதை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பாள்! அதை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்.

4. சிரி, ஆனால் எளியவளைப் பார்த்துச் சிரிக்காதே

என் மாடியில் இருக்கும் பெண் ஒருத்தி முன்பு தங்கியிருந்த ஹாஸ்டலில் தினமும் மெஸ் வாசலில் ஒரு சீட்டு ஒட்டுவார்களாம். ஏரி நிலவரம் செய்தியில் வருமே, அதே பாணி. "சாம்பார் நிலவரம்: முழுக் கொள்ளளவு ஒரு அண்டா. இன்றைய இருப்பு ஒரு அண்டா. நீர்வரத்து அதிகம். பருப்பு வரத்து அறவே இல்லை. முருங்கைக்காய் ஓரிரு இடங்களில் காணப்படலாம். தாழ்வான தட்டுகளில் சாப்பிடுவோர் எச்சரிக்கையாக இருக்கவும்." வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டுவார்கள். சமையல்கார அக்காவே கடைசியில் "இன்னிக்கு என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாராம்.

இந்தச் சிரிப்பில் ஒரு நாகரிகம் இருக்கிறது பார். கேலி சாம்பாரோடு நின்றது, கரண்டி பிடித்தவள்மேல் போகவில்லை. ஒருத்தியின் நிறம், உடம்பு, பல்வரிசை, ஊர்ப் பேச்சு, சாதி, அவள் வீட்டில் கழிப்பறை இல்லாதது, இவற்றை வைத்துச் சிரித்தால் ரூமில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருப்பாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதாகி, 1947-ல்தான் விடுதலையானார். உச்சத்தில் இருந்தவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை. வெளியே வந்தும் சிரிக்க வைப்பதை அவர் விடவில்லை. 1949-ல் அறிஞர் அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யில் நடித்து, குடியை எதிர்த்துப் பேசினார். அவர் கேலி செய்ததெல்லாம் மூடப்பழக்கத்தையும் குடியையும் போலித்தனத்தையும்தான். நமக்கும் அது நல்ல பாடம். டார்கெட்டைக் கேலி செய், பவர் கட்டைக் கேலி செய், உன்னையே கேலி செய்துகொள். இதற்கெல்லாம் வாட்ஸ்அப்பில் வடிவேலு ஸ்டிக்கருக்குப் பஞ்சமில்லை.

5. ஜார்க்கண்டிலிருந்து வந்தவளும் தங்கச்சிதான்

இப்போது லைனில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் பெண்களும் நிற்கிறார்கள். நீ ஊருக்குப் போக ஒரு ராத்திரி பஸ் போதும். அவளுக்கு இரண்டு நாள் ரயில். பொங்கலுக்கு நீ கிளம்பும்போது அவள் கட்டிலில் உட்கார்ந்து உன் பையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு நீ செய்ய வேண்டியது மூன்று காரியம். பஸ் நேரம், மெஸ் நேரம், வார்டன் ரூல்ஸ் இவற்றைக் கையைக் காட்டியாவது விளக்கு. சாப்பாட்டில் எது ஒத்துக்கொள்கிறது என்று பார்த்து ஊறுகாய் பாட்டிலைப் பகிர்ந்துகொள். அவளுக்குத் தெரியாத மொழியில் அவளைப் பற்றி அவள் எதிரிலேயே பேசாதே. இந்த மூன்றாவதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டம். ஆறே மாதத்தில் அவள் தமிழ் கற்றுக்கொண்டு நீ பேசியதையெல்லாம் திருப்பிச் சொல்வாள், ஜாக்கிரதை!

6. உனக்கும் கொஞ்சம் மீதி வை

தம்பி ஃபீஸ், அப்பா கடன், அக்கா பிரசவம், வீட்டுக்கு ஓடு மாற்றுவது எல்லாம் உன் சம்பளத்தில்தான். தப்பில்லை, பெருமைதான். ஆனால் சம்பளம் ஏறிய அன்றே முழுசாக அனுப்பிவிட்டு, 20-ம் தேதி வாக்கில் ரூம்மேட்டிடம் நாப்கினுக்குக் கடன் கேட்காதே. மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முதலிலேயே வீட்டில் சொல்லிவிடு. ஓ.டி. பணத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதே. அது எல்லா மாதமும் வராது. "இந்த மாசம் முடியாதும்மா" என்பதைக் குரல் உயர்த்தாமல், காரணம் அடுக்காமல் சொல்லிப் பழகு.

நைட் ஷிப்ட் முடித்து வந்தால் ரீல்ஸ் பார்க்காமல் படு. ஜன்னலில் துப்பட்டாவைக் கட்டு, கண்ணில் ஒரு கர்ச்சீப்பைப் போடு. தூக்கம் கெட்டால் எல்லாருமே எதிரியாகத் தெரிவார்கள். ரூமில் நடக்கும் சண்டைகளில் பாதி தூங்கி எழுந்தால் தீர்ந்துவிடும். லீவு நாளில் ஒரு மணி நேரமாவது வெளியே போ. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-லிருந்தே இருக்கிறது. பூந்தமல்லி போய் ஒரு காபி குடித்துவிட்டு வர பஸ் காசுகூட வேண்டாம்.

7. சிரித்து மழுப்பக் கூடாத இடங்கள்

சாம்பார் நிலவரச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் தேதி போட்டு ஒருத்தி சேர்த்து வைத்திருந்தாளாம். ஒருமுறை மெஸ் பற்றிப் பேச நிர்வாகம் கூப்பிட்டபோது, எந்தெந்தத் தேதியில் என்ன குறை என்பதற்கு அதுதான் ஆதாரமாக நின்றது. காமெடியும் புகார் புத்தகமும் ஒன்றாகவே ஓடியிருக்கின்றன. நீயும் சிரி, ஆனால் எழுதியும் வை.

சிரித்துக் கடக்கவே கூடாதவை நான்கு: கெட்ட சாப்பாடும் தண்ணீரும், மெஷின் பாதுகாப்பு, சம்பளத்தில் புரியாத பிடித்தம், உடம்பில் படும் கை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லையை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் வருஷத்துச் சட்டம். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். கான்ட்ராக்ட் பெண்ணுக்கும் ட்ரெய்னிக்கும் இதே உரிமைதான். குழு யார் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்து, இப்போதே போட்டோ எடுத்து வை. அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. யாராவது தங்கச்சி வந்து உன்னிடம் இப்படி ஒன்றைச் சொன்னால், "நீ என்ன டிரஸ் போட்டிருந்த?" என்ற கேள்வி உன் வாயிலிருந்து வரக் கூடாது.

8. நம்பிக்கையோடு இன்னொரு தொழிலும் இருக்கட்டும்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனி 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியபோது இந்தப் பக்கத்துக்கே கல்யாணக் களை. ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்தார்கள், தாலிக்கும் தங்கம் சேர்த்தார்கள். அப்புறம் வரித் தகராறு வந்தது. கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. பிறகு 2019-ல் சால்காம்ப் அந்த இடத்தை வாங்கியது, சார்ஜர் செய்ய.

மூடின கேட் திறக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் முழுக் கதையையும் பார். 2014-ல் 24 வயதில் வெளியே வந்தவளுக்கு 2019-ல் 29 வயது, கையில் குழந்தை. இருபது வயசுப் பிள்ளைகளைத் தேடுகிற வரிசையில் அவள் எங்கே போய் நிற்பாள்? அதனால்தான் சொல்கிறேன், கம்பெனியை நம்பு, கம்பெனியை மட்டும் நம்பாதே. பி.எஃப். யு.ஏ.என். நம்பரை ஆக்டிவேட் செய்து, மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று உமங் ஆப்பில் பார். கம்பெனி மாறினாலும் நம்பர் அதேதான். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு டிகிரி, டூ வீலர் லைசென்ஸ், தையல், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுவது, ஏதாவது ஒன்று. ஷிப்டோடு சேர்த்துச் செய்ய முடிகிற அளவுக்குச் சின்னதாக எடு.

9. தனியாக நம்பாதே, கூட்டமாக நம்பு

2021-ல் அந்த ஃபாக்ஸ்கான் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்த பிறகு என்ன நடந்தது? ஆலை மூடப்பட்டது. ஹாஸ்டல் ரூம்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தாங்கள் எதிர்பார்க்கும் தரத்தில் இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஃபாக்ஸ்கான் வருத்தம் தெரிவித்தது. 2022 ஜனவரி 12-ல்தான் ஆலை திரும்பத் திறந்தது. 2024 ஆகஸ்ட் 17-ல் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில், 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. பழைய ஹாஸ்டல்களில் முன்பு சில பேர் தரையில் படுத்துத் தூங்கியதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

அதே 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நீண்டது. அடுத்த ஜனவரியில் அவர்கள் சங்கம் பதிவானது. வேலைநிறுத்தம் சரியா தப்பா என்று இங்கே நான் பேச வரவில்லை. சம்பளம் இல்லாத அத்தனை நாளும் பக்கத்தில் ஆள் இருந்ததால்தான் அவர்கள் தாங்கினார்கள் என்பதைச் சொல்ல வந்தேன். நாள் போகப் போக எல்லாம் சரியாகும் என்று தனியாகக் கட்டிலில் படுத்துக்கொண்டு நினைப்பதில் பலன் குறைவு. ஹாஸ்டல் கமிட்டி, மெஸ் கமிட்டி, சீட்டுப் பிடிக்கும் குழு, ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆடும் கோஷ்டி, எதிலாவது உன் பெயர் இருக்கட்டும்.

ஒன்பதையும் நாளைக்கே செய்ய வேண்டாம் தங்கச்சி. இந்த வார லீவில் ஒன்றே ஒன்று செய்: இரண்டாவது டிப்ஸில் சொன்ன தாளை எழுதி ஒட்டு. ரூமில் எல்லாரையும் உட்கார வைத்து நம்பர் கேட்டு எழுத அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியிலேயே யாருக்கு சுகர், யாருக்கு அப்பா இல்லை, யார் நன்றாக ஜோக் அடிப்பாள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். மற்ற எட்டையும் அவர்களோடு சேர்ந்தே செய்துகொள்ளலாம்.